டயஜெடிக் ஒலிக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மெ. எழுதியது:

அன்பு நண்பர்களுக்கு,

காட்சித் தொடர்பியல் முதலாண்டுக்கான பயிற்சிக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாடம், ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) தொடக்கக் காட்சி. கதைமாந்தர் காதிலும் விழும் ஒலி (ஆங்கிலத்தில் டயஜெடிக்), நமக்கு மட்டும் கேட்கும் ஒலி, இந்த இரண்டுக்கும் பெயர் இல்லாமல் இரண்டாம் பத்தியைத் தாண்ட முடியவில்லை.

படம் பார்க்காதவர்களுக்கு: ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது. குண்டு ஒரு காரின் டிக்கிக்குள் போகிறது. ஓர் ஆணும் பெண்ணும் ஏறிக் கிளம்புகிறார்கள். கேமராவைத் தாங்கிய கிரேன் கூரைக்கு மேலே ஏறி, தெருவுக்கு வரும் காரை மறுபடி பிடிக்கிறது. நடந்து போகும் ஒரு தம்பதியைக் கார் முந்துகிறது, அவர்கள் காரை முந்துகிறார்கள், ஆட்டுமந்தை மறிக்கிறது, எல்லைச் சாவடியில் வண்டி நிற்கிறது. ஏறத்தாழ 3 நிமிடம் 20 நொடிக்கு வெட்டே கிடையாது. கார் சட்டகத்தை விட்டுப் போன பிறகு வெடிக்கிறது. முதல் வெட்டு அங்கேதான்.

ஸ்டுடியோ 1958-இல் வெளியிட்ட பதிப்பில் இதன்மேல் பெயர்ப்பட்டியலும் ஹென்றி மான்சினியின் இசையும் ஓடும். வெல்ஸ் ஸ்டுடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து 1998-இல் வால்டர் மர்ச் மறுபடி தொகுத்தபோது இரண்டையும் எடுத்துவிட்டார். மிஞ்சியவை விடுதி வாசல்களிலிருந்து வரும் பாட்டுகள், கார் ரேடியோ, தெருச் சத்தம். மாணவர்கள் எழுத வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

செ. எழுதியது:

அகவொலி, புறவொலி. இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கும் பாகுபாடு. வேறென்ன வேண்டும்?

ந. எழுதியது:

செ. ஐயா, அகவொலி என்றால் மாணவர் மனக்குரலைத்தான் நினைப்பார்கள். அதுவும் திரைக்கதையில் தனியாக வேண்டிய சொல். போதாததற்கு, அகவுவது மயில். அகவல் ஆசிரியப்பாவின் ஓசை. 'கதையுள்ளொலி' என்று புணர்த்தலாம். தனிக்குறில் முன் ஒற்று இரட்டும் என்ற விதிப்படி சரிதான். ஆனால் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

பேசாமல் 'களத்தொலி' என்று வைத்துவிடலாமே?

ர. எழுதியது:

எதை வேண்டுமானாலும் வையுங்கள், களத்தொலி மட்டும் வேண்டாம். ஒலிப்பதிவுக்காரர்கள் அதைப் படப்பிடிப்பிலேயே பதிவான ஒலி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் காட்சியின் ரேடியோப் பாட்டு பின்னால் சேர்த்தது. ஆனாலும் கதைக்குள் இருப்பது. எங்கே பதிவானது என்பது ஒரு கேள்வி, யார் காதில் விழுகிறது என்பது இன்னொன்று.

1998 பதிப்பில் தவிப்பு கூடுவதன் காரணத்தையும் குறிப்பில் சேருங்கள். கார் கண்ணில் படாத நேரத்திலும் அது எங்கே இருக்கிறது என்று ரேடியோ காட்டிக்கொடுக்கிறது. பாட்டு நெருங்கினால் குண்டு நெருங்குகிறது. மான்சினியின் இசைக்குக் கார் தூரத்தில் இருந்தாலும் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான். விறுவிறுப்பு தருகிறது, துப்பு தருவதில்லை.

மாணவர்கள் இதைச் செய்து பார்க்கும்போது பிசகுவது ஒரே இடத்தில்: பாட்டை ஸ்டுடியோ சுத்தத்தோடு அப்படியே வைத்துவிடுவார்கள், கேட்பவர் அதைப் பின்னணி இசை என்று எண்ணிவிடுவார். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,400-க்கு மேலும் வெட்டச் சொல்லுங்கள். அது தொலைபேசிக் குரலின் வரம்பு. மலிவான ரேடியோவுக்கும் பொருந்தும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே 5 மீட்டரிலிருந்த கார் 20 மீட்டருக்குப் போனால் 12 டெசிபல் இறக்க வேண்டும். அதோடு எதிரொலியின் பங்கையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் கார் தூரம் போனதாகத் தோன்றாது, யாரோ ரேடியோவைக் குறைத்ததாகத்தான் தோன்றும். பாட்டுகளை மட்டமான ஒலிபெருக்கியில் ஓட்டி, தெருவில் வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள் என்று வெல்ஸ் கேட்டது இதற்காகவே.

கதைக்கு வெளியே இருக்கும் இசைக்கு ஏற்கெனவே பெயர் உண்டு: ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங்). எந்த உதவி இயக்குநரைக் கேட்டாலும் சொல்வார்.

செ. எழுதியது:

ஆர்.ஆர். தமிழா? மறுபதிவு என்பதன் சுருக்கம் எப்படி இசைக்குப் பெயராயிற்று என்பதே தனிக்கூத்து.

அகவொலியைக் கைவிடுகிறேன். இதைப் பாருங்கள். "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை / செய்தி யாழின் பகுதியொடு" என்று தொல்காப்பியர் கருப்பொருளை அடுக்குகிறார். பறையும் யாழும் நிலத்துக்கு உரியவை. குறிஞ்சியில் தொண்டகப்பறை ஒலித்தால் அதைக் கேட்பவர் அந்த நிலத்து மக்கள். எல்லையூரின் விடுதிப் பாட்டும் அப்படித்தானே? ஆகவே 'கருவொலி'. இசை என்ற சொல்லே பழந்தமிழில் ஓசை, புகழ், சொல்லுதல் எல்லாம் என்பதையும் இங்கே நோக்க வேண்டும். கிரேக்க மூலத்துக்கும் 'எடுத்துரைத்தல்' என்பதே பொருள்.

ந. எழுதியது:

பொருத்தம் அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் 'கருவொலி' என்று தேடுகிற மாணவருக்குக் கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் குறிப்புகள்தான் வந்து விழும்.

ப. எழுதியது:

டயஜெடிக் என்றே எழுதினால் என்ன? நாளை இவர்கள் படிக்கப்போகும் புத்தகங்களில் அதுதான் இருக்கும்.

செ. எழுதியது:

"வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்ற விதி கிரேக்கத்துக்கும் உண்டு. 'ஜ' போனால் தயசெத்திக்கு. எழுதுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும்.

மெ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாள் இல்லை. 'கதைக்குள் ஒலி', 'கதைக்கு வெளி ஒலி' என்று போடுகிறேன். கலைச்சொல் மாதிரி இல்லை என்பது தெரியும், விளக்காமலே புரிகிறது. முதல் இடத்தில் மட்டும் டயஜெடிக் என்பதையும் பக்கத்தில் தருகிறேன். ந., ர., ப. மூவரும் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள்.

செ. எழுதியது:

அவை விளக்கங்கள், சொற்கள் அல்ல. பெயரடையாக்கிப் பாருங்கள்: 'கதைக்குள்ளொலிசார் தொகுப்பு'! கருவொலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. தலைக்குள் ஏதோ டிக் டிக் என்கிறது என்று காரில் இருக்கும் பெண் சாவடியில் புலம்புகிறாள். சாவடிக் காவலர் பொருட்படுத்துவதில்லை. காட்சியின் முதல் நொடிகளில் குண்டைப் பார்த்த நமக்கு மட்டும் அது தலைக்குள் இல்லை என்பது தெரியும். பின்னணி இசைபோலத் தொடங்கி, பிறகு ரேடியோவிலிருந்து வருவதாகத் தெரியும் பாட்டுகளும் படங்களில் உண்டு. உங்கள் இரண்டு கட்டங்களில் இவை எதில் விழும்?

ர. எழுதியது:

டிக் டிக் கதைக்குள்தான் ஐயா, சந்தேகமே இல்லை. ஒருத்தி கேட்டாலும் போதும். கடைசியாகச் சொன்னீர்களே, அதற்குத்தான் சொல் இல்லை. 'நழுவொலி'?

செ. எழுதியது:

'தாவொலி.' நழுவுவது மீன்.