வேலையை விடலாமா, பாதி விடலாமா?

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் குழம்பிப் போய் எழுதுகிறேன். 11 வருடமாக ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை, இப்போது ப்ராஜெக்ட் மேனேஜர். சம்பளத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுக்க மீட்டிங், எக்செல், மறுபடி மீட்டிங் என்று ஓடிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் குழந்தைகள் கதைக்குப் படம் வரைய உட்காரும்போதுதான் எனக்கு உயிரே வருகிறது.

இதுவரை மூன்று புத்தகங்களுக்கு வரைந்திருக்கிறேன். இரண்டுக்குப் பணம் வந்தது, அதுவும் புத்தகம் அச்சுக்குப் போன பிறகுதான். மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சேமிப்பை வைத்து ஒன்பது மாதம் ஓட்டலாம். வீட்டுக் கடன் தவணை மட்டும் யாருக்காகவும் நிற்காது. வாரத்தில் மூன்று நாள் வேலை என்று கேட்டுப் பார்க்கலாமா என்றும் தோன்றுகிறது, ஆனால் அப்படிக் கேட்டவர்களை அடுத்த பதவி உயர்வில் மறந்துவிடுவார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் இன்னொரு சிக்கல்: வேலையில் இருக்கும்போது நான் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்கிற மாதிரி என் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. இது ராத்திரி வரைந்த படத்துக்கும் பொருந்துமா? யாராவது வக்கீலிடம் கேட்டிருக்கிறீர்களா?

இப்படி மாறியவர்கள், முக்கியமாக மாறிவிட்டுத் திரும்பி வேலைக்கே வந்தவர்கள், சொல்லுங்கள். முதல் வருடம் மாத வருமானம் எப்படி இருந்தது? ஆசையாகச் செய்ததே பிழைப்பான பிறகு அந்த ஆசை மிச்சம் இருந்ததா? "மனசு சொல்வதைக் கேள்" மட்டும் வேண்டாம், ப்ளீஸ். அது ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்கிறது.