வளவுத் தரையில் புளி பட்ட இடம் வெளுத்துவிட்டது: கறையா, வேதி மாற்றமா?

கேள்வி (கானாடுகாத்தான்)

அனைவருக்கும் வணக்கம். ஆண்டில் பெரும்பாலான நாள்கள் பூட்டியே கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டை, முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்காகச் சென்ற வாரம் திறந்தோம். சாமான் அறையிலிருந்து எடுத்த பித்தளைக் குடங்களையும் பச்சைக் களிம்பு ஏறிய செப்பு அண்டாவையும் பின்கட்டுக்குத் தூக்கிச் செல்லச் சோம்பல்பட்டு, வளவிலேயே, அதாவது நடுமுற்றப் பகுதியிலேயே, உட்கார்ந்து புளி போட்டு விளக்கினோம். மறுநாள் காலையில், புளித்தண்ணீர் தேங்கியிருந்த இடங்களில் எல்லாம் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மினுக்கம் இழந்து வெளுத்திருந்தது. விரலால் தடவினால் சொரசொரத்தது. உதவிக்கு வந்தவர் அதைக் கறை என்று நினைத்து, குளியலறை கழுவும் ஆசிட்டை ஒரு கல்லில் ஊற்ற, அது புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. உடனே தண்ணீர் விட்டுக் கழுவியும் அந்தக் கல்லில் இருந்த பூவின் சிவப்பு மங்கிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். பட்டாலை எனப்படும் கூடத்தின் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இரவு முழுவதும் புளியில் ஊறிய குடம் ஒன்று மஞ்சளாக வராமல் செம்பு போலச் சிவந்து வந்திருக்கிறது. நிறம் மாறினாலோ குமிழி வந்தாலோ அது வேதி மாற்றம் என்று பள்ளியில் படித்த நினைவு. மூன்றும் ஒன்றுதானா? எதைச் சரிசெய்ய முடியும்?

பதில் (பள்ளத்தூர்)

தரையிலும் வெள்ளை, சுவரிலும் வெள்ளை என்பதால் இரண்டும் சுண்ணாம்புக் கோளாறாகவே இருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரைக் குழைத்து இரண்டு இடத்திலும் பூசி, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவிப் பாருங்கள்.

பதில் (தேவகோட்டை, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்)

சகோதரி, முதலில் ஓர் எச்சரிக்கை. ஆசிட் ஊற்றிய தரையில் பிளீச்சிங் பவுடரைக் கொண்டுபோகாதீர்கள்; அவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு நெஞ்சை அடைக்கும். பள்ளத்தூர் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் வெளுப்பைக் கண்டவுடன் வெளுப்பானைத் தேடும் பழக்கம் பல வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது சரிதான், ஆனால் பாதிதான். நிறமாற்றம், குமிழி, சூடு, புதிய வாசனை, தெளிந்த நீரில் திடீரென்று படியும் வண்டல் ஆகியவை அறிகுறிகள்; அறிகுறி இருந்தாலே வேதி மாற்றம் என்று தீர்ப்பளிக்க முடியாது. உலையில் கொதிக்கும் தண்ணீரிலும் குமிழி வருகிறது, அது வெறும் நீராவி. பூசைத் தட்டில் வைத்த கற்பூரம் கரைந்து மறைகிறது, வாசனையும் வீசுகிறது. பற்ற வைக்காத வரையில் அது கற்பூரமாகவே காற்றில் கலந்திருக்கிறது, பற்ற வைத்த பிறகுதான் வேறு பொருளாகிறது. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, அது உண்மையான வேதி மாற்றம். அதிலேயே எலுமிச்சையைப் பிழிந்தால் மஞ்சள் நிறம் திரும்பிவிடும். ஆகவே, ‘திரும்பி வராவிட்டால்தான் வேதி மாற்றம்’ என்று சொல்லிக்கொடுப்பதும் முழுச் சரியன்று. முன்பு இல்லாத ஒரு பொருள் இப்போது உண்டாகியிருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் தரையில் உண்டாகியிருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடியின் மீது வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்வது. அதில் இருக்கும் கால்சியச் சேர்மங்களைப் புளியின் டார்டாரிக் அமிலம் மெல்ல அரித்து, எளிதில் கரையாத கால்சியம் டார்ட்ரேட்டாக மாற்றுகிறது. உங்கள் விரலில் தட்டுப்பட்ட சொரசொரப்பு அரிப்பும் அந்தப் படிவும் சேர்ந்தது. குளியலறை ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதால் அதே வேலையை நொடியில் செய்து, கல்லில் இருந்த கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நுரையாக வெளியேற்றியது. சிவப்பு நிறமியைப் பிடித்து வைத்திருந்த சிமெண்டு கரைந்ததால் பூவும் மங்கியது.

சுவர் வேறு கதையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பஞ்சில் ஒரு சிட்டிகையைச் சுரண்டி இரண்டு கிண்ணங்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பதில் (காரைக்குடி, பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை செய்பவர்)

ஐயா சொன்னதோடு வேலை சார்ந்த சில செய்திகளைச் சேர்க்கிறேன். ஆசிட் பட்ட கல்லில் ஆப்பசோடாவைக் கரைத்துத் தெளியுங்கள். நுரைத்தால் இன்னும் அமிலம் மிச்சம் இருக்கிறது என்று பொருள், நுரை அடங்கும் வரை தெளித்துப் பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். புளி பட்ட கற்களை மிக நயமான தண்ணீர்ப் பேப்பரால் (உப்புத்தாளால்) ஈரத்தோடு இலேசாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பின் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தால், நடமாட்டத்தில் மினுக்கம் மெல்லத் திரும்பும். வண்ண அடுக்கு சில மில்லிமீட்டர்தான் என்பதால் மெஷின் பாலிஷ் போடச் சம்மதிக்காதீர்கள். சிவப்பு மங்கிய கல்லுக்கு மருந்து இல்லை. அதே அச்சு கிடைத்தால் ஆத்தங்குடியில் புதிதாக வார்த்து மாற்றலாம்.

சுவரை எலுமிச்சையில் சோதிப்பதாக இருந்தால் கிண்ணத்தில் மட்டுமே சோதியுங்கள். நம் வீட்டுச் சுவரின் வழவழப்பான பூச்சும் சுண்ணாம்புதான். தண்ணீர் விட்டு நீற்றும்போது கை வைக்க முடியாத சூட்டோடு பொங்கும் அதே சுண்ணாம்பு, பூசிய பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஆண்டுக்கணக்கில் உள்வாங்கி மறுபடியும் கல்லாகிறது. புளிப்பு எதுவும் அதற்கு ஆகாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தண்ணீர்க் கிண்ணத்தில் பஞ்சு முழுவதும் கரைந்து அடியில் இரண்டு மணல் துகள்கள் மட்டும் நின்றன. எலுமிச்சைக் கிண்ணத்திலும் கரைந்தது, ஆனால் ஒரு குமிழிகூட வரவில்லை. தரையில் ஆப்பசோடா முதல் முறை நன்றாகவே நுரைத்தது, மூன்றாம் முறை அடங்கிவிட்டது. குடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பதில் (தேவகோட்டை, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்)

அப்படியானால் சுவரில் பூத்திருப்பது மண்ணின் உப்பு. தரையடியிலிருந்து ஈரத்தோடு ஏறி, ஈரம் உலர்ந்ததும் உப்பாகவே வெளியில் படிந்திருக்கிறது. பார்வைக்குப் புதிது, பொருள் பழையது. தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும் என்பதால் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதன்மேல் சிமெண்டு பூசி மறைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும்.

குடத்தில் நடந்தது வேதி மாற்றமே. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. நெடுநேரம் புளியில் ஊறினால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சுகிறது. பாலிஷ் போட்டு மேல்தோலைத் தேய்த்தால் மஞ்சள் வந்துவிடும். இனிமேல் புளியைத் தடவி, சில நிமிடங்களில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இப்படி உலோகம் அரிப்பதைப் பற்றிய ஆராய்ச்சியும் நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948 இல் காரைக்குடியில்தான் அடிக்கல் நாட்டினார்கள் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

அண்டாவின் பச்சைக் களிம்பு, செம்பு ஈரக்காற்றோடு சேர்ந்து உண்டாக்கிய கார்பனேட், அது நஞ்சு. படைப்புச் சமையலுக்கு அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் உள்ளே ஈயம் பூசாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். பூசுபவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயமாக இருந்தால் களிம்பே மேல் என்றாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

அண்டாவைச் சாமான் அறையிலேயே திரும்ப வைத்துவிட்டேன், ஐயா. பூசுபவர் கிடைத்த பிறகு எடுத்துக்கொள்கிறோம். குடங்களைப் பின்கட்டுக்குக் கொண்டுபோயாயிற்று.