ஆப்பிரிக்க மாணவர்களை மேடையில் ஆடவிட்டால் போதுமா? சேலத்திலிருந்து ஒரு கேள்வி

கேட்டவர்: வேதியியல் டீச்சர்

சேலத்தை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். தான்சானியா, நைஜீரியா, சூடான் நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் எங்களிடம் படிக்கிறார்கள். சென்ற மாதம் விடுதியில் ஒரு தகராறு. குளியலறை வரிசையில் நின்ற தான்சானியப் பையனை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்து, அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார்கள் நம் பிள்ளைகள். பொறுக்காமல் அவன் ஒருவனைத் தள்ளிவிட்டான். விசாரணைக்குக் கூப்பிட்டது அவனை மட்டும்.

விஷயம் தூதரகம் வரை போய்விடுமோ என்று நிர்வாகத்துக்கு இப்போது பயம். உடனே ஒரு நல்லிணக்கக் குழு. அதற்கு நான் தலைவி. முதல் வேலையாக ‘ஆப்பிரிக்க நாள்’ நடத்த வேண்டுமாம். வண்ண உடை, மேளம், ஆட்டம், கடைசியில் தாளாளர் கையால் கேடயம். பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆடப்போகும் பிள்ளைகளிடம் இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

இந்தப் பிள்ளைகள் என்ன பாடுபடுகிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். கல்லூரிக்கு எதிரே இருக்கும் சலூனில், “உங்கள் முடிக்கு மெஷின் தாங்காது” என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதனால் விடுதி மொட்டைமாடியில் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். ஏற்காட்டுக்கு அழைத்துப் போனபோது, படகுத்துறை வரிசையில் நின்றிருந்த நைஜீரிய மாணவியின் இடுப்பில் யாரோ ஒரு அம்மாள் தன் குழந்தையை உட்காரவைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணும் சிரித்துத்தான் நின்றாள். மலையிறங்கும்போது, “மேடம், இன்று என் முகம் எத்தனை பேர் போனில் இருக்கும்?” என்றாள்.

முதல்வர் அறை வாசலில் ஓர் ஆலோசனைப் பெட்டி தொங்குகிறது. நேர் மேலே கண்காணிப்பு கேமரா. பெட்டியின் சாவி யாரிடம் என்று விசாரித்தேன். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இவர்கள் சொல்வது மேலே போய்ச் சேர என்ன வழி? கறுப்பின மாணவர்கள் பேசி எதையாவது மாற்றிக்காட்டிய பல்கலைக்கழகங்களில் என்ன செய்தார்கள்? அறிவுரை வேண்டாம், நடைமுறையாகச் சொல்லுங்கள்.

பதில் 1: அழகாபுரத்தார்

இதைப் பெரிதாக்காமல் இருப்பது நல்லது, டீச்சர். நம் பையன்கள் தங்களுக்குள்ளேயே ‘கறுப்பா’ என்றுதானே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்? வெளிநாட்டுப் பிள்ளைகளும் கொஞ்சம் அனுசரித்துப் போகலாம். விழா நடத்தினால் நாலு பேர் பழகுவார்கள். அதுவே போதும்.

பதில் 2: அரிசிப்பாளையம் டு ஆன் ஆர்பர்

அழகாபுரத்தாருக்கு: கூப்பிடுகிறவனும் கூப்பிடப்படுகிறவனும் சேர்ந்து சிரித்தால் அது கேலி. ஒருவன் அழும்போது மற்றவர்கள் வீடியோ எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

டீச்சர், 2013இல் நான் அமெரிக்காவில், ஆன் ஆர்பர் ஊரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவன். அந்த நவம்பரில் அங்கிருந்த கறுப்பின மாணவர் சங்கம் ட்விட்டரில் ஒரு ஹேஷ்டேக் தொடங்கியது. மிச்சிகனில் கறுப்பினத்தவராக இருப்பது எப்படி இருக்கிறது என்று அவரவர் எழுதினார்கள். வகுப்பில் ஒரே கறுப்பின மாணவராக உட்காருவது, குழு வேலைக்குத் தன்னை யாரும் சேர்த்துக்கொள்ளாதது, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஒரே கட்டிடத்தில் படித்த எனக்கு இதில் பாதி புதிய செய்தி.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு வாரப் பரபரப்பாக முடிந்திருக்கும். 2014 ஜனவரியில், மார்ட்டின் லூதர் கிங் நாளன்று, ஏழு கோரிக்கைகளை வைத்து ஏழு நாள் கெடு கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று ட்ராட்டர் மையம் பற்றியது. 1970இல் கறுப்பின மாணவர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தை அடுத்து அவர்களுக்காக வந்த இடம் அது. ஆனால் வளாகத்தின் மையத்திலிருந்து தள்ளி ஒரு பழைய வீட்டில் இருந்தது. அதை நடுவில் கொண்டுவா என்றார்கள். 2019இல் ஸ்டேட் தெருவில் புதிய கட்டிடம் திறந்தது. கெடு ஏழு நாள், கட்டிடம் வர ஐந்து ஆண்டு. ஆனாலும் வந்தது.

வராததும் உண்டு. மாணவர்களில் கறுப்பினத்தவர் 10 சதவீதம் இருக்க வேண்டும் என்று 1970இலேயே கேட்டார்கள், பல்கலைக்கழகமும் இலக்காக ஏற்றுக்கொண்டது. 2014இலும் அதே 10 சதவீதத்தைத்தான் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. இடையில் 2006இல் மாநில மக்கள் வாக்களித்து, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையே தடை செய்துவிட்டார்கள். நிர்வாகம் தலையாட்டியதோடு நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவிலேயே மிசௌரி பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு கதை. 2015இல் ஒரு மாணவர் உண்ணாவிரதம் இருந்தார். அதற்கும் அசையாத நிர்வாகம், அமெரிக்கக் கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள் ஆடமாட்டோம் என்று அறிவித்த இரண்டே நாளில் ஆட்டம் கண்டது. நவம்பர் 9 அன்று பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். ஓர் ஆட்டம் ரத்தானால் பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. உங்கள் நிர்வாகத்துக்கு எங்கே வலிக்கும் என்று உங்களுக்கே தெரியும். தூதரகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பதில் 3: மலைக்காரி

நான் ஏற்காட்டு மலையாளிப் பழங்குடி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. கல்லூரியில் என் பெயர் தெரியாத பேராசிரியர்கள்கூட ஆண்டு விழா வந்தால், “மலைப் பெண்ணைக் கூப்பிடு, ஆடட்டும்” என்பார்கள். இரண்டு ஆண்டு ஆடினேன். கைதட்டினார்கள். உதவித்தொகை எட்டு மாதமாக வரவில்லை என்று அதே ஆட்கள் முன்னால் போய் நின்றபோது, மனு எழுதிக் கொடு என்றார்கள். மனு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

அதனால் சொல்கிறேன் மேடம். ஆட வேண்டாம் என்று நீங்களும் முடிவு செய்யாதீர்கள், அதையும் அவர்களே சொல்லட்டும். ஆடுவதில் எனக்கு ஆசைதான் இருந்தது, காட்சிப்பொருளாக நிற்கத்தான் பிடிக்கவில்லை. முதல் கூட்டத்தில் நிர்வாகத்து ஆட்கள் யாரும் வேண்டாம். நீங்கள் கூட வெளியே இருந்தால் நல்லது, மதிப்பெண் போடுகிற கை உங்களுடையது. இன்னொன்று: ஒரே பிள்ளையை எல்லாக் கூட்டத்துக்கும் இழுக்காதீர்கள். நன்றாகப் பேசுகிறாள் என்று என்னை இழுத்து இழுத்தே ஒரு செமஸ்டரில் அரியர் விழுந்தது.

பதில் 4: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

அந்த வீடியோவை யாரும் அழிப்பதற்குள் பத்திரப்படுத்துங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 ராகிங் தடுப்பு விதிகளில் 2016இல் ஒரு திருத்தம் வந்தது. நிறம், இனம், தேசம், மொழி போன்ற காரணங்களால் ஒரு மாணவரை மனதளவிலோ உடலளவிலோ துன்புறுத்தினாலும் அது ராகிங். மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு கிடையாது. பட்டியலில் முதலில் நிற்பதே நிறம்தான். பையன் தள்ளியதை விசாரிக்கட்டும். அதற்கு முன் நடந்ததையும் ராகிங் தடுப்புக் குழு விசாரித்தே ஆக வேண்டும். கல்லூரி மழுப்பினால் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் கொடுக்கலாம்.

அழகாபுரத்தார் ஐயா, 1944இல் திராவிடர் கழகம் என்று பெயர் வைத்ததே நம் சேலத்து மாநாட்டில்தான். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘அனுசரித்துப் போ’ என்று நீங்கள் சொல்லலாமா?

கேட்டவர்: வேதியியல் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் சொன்ன விதியை அச்செடுத்து முதல்வர் மேசையில் வைத்தேன். பையன் மீதான விசாரணையை நிறுத்தி, முழுச் சம்பவத்தையும் ராகிங் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார். ஆப்பிரிக்க நாள் தள்ளிப் போயிருக்கிறது. தாளாளருக்கு என் மீது வருத்தம். இருக்கட்டும்.

மலைக்காரி சொன்னபடி நூலகத்துக்கு மேலே ஓர் அறையைத் திறந்துகொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் பேசி, ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தார்கள். மெஸ்ஸில் உகாலி கேட்பார்கள் என்று மக்காச்சோள மாவு விலை வரை விசாரித்து வைத்திருந்தேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் கோரிக்கை வீடு. மூன்றாம் ஆண்டில் விடுதியை விட்டு வெளியேற வேண்டும். வெளியே முன்பணம் இரட்டிப்பாகக் கேட்கிறார்கள், அல்லது முகத்தைப் பார்த்ததும் வீடு போய்விட்டது என்கிறார்கள். இரண்டாவது, குழுவில் இரண்டு இடம், அதுவும் அவர்களே தேர்ந்தெடுக்கும் ஆட்களுக்கு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதி எழுத ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். நான் சொல்லித்தரவில்லை. திங்கட்கிழமை முதல்வரிடம் அவர்களே கொடுக்கிறார்கள்.

சூரமங்கலம், ஜங்ஷன் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள், எல்லோரிடமும் வாங்குகிற அதே முன்பணத்துக்குத் தரத் தயாராக இருந்தால், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நான்கு மாணவர்கள், ஜூன் முதல்.