காகிதக் கூழ், கொட்டாங்குச்சி, பனையோலை: உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

மேற்கு மாம்பலம்

பழைய பொருள்களை வைத்து வீட்டுக்கு ஏதாவது செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். செய்முறை இப்போது எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிறது. நான் கேட்க வந்தது வேறு. அந்தப் பொருளோட குணத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் யார்? எங்கே பார்த்தீர்கள்? முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆயுதபூஜைக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது ஒரு கட்டு செய்தித்தாள் சேர்ந்தது. எடைக்குப் போட மனசில்லாமல் ஊறவைத்து, மைதாப் பசை கலந்து, ஒரு கிண்ணத்தின் மேல் அப்பி வைத்தேன். அழகாகத்தான் வந்தது. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் வெயிலே இல்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் கிண்ணம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, கிட்டே போனாலே புளித்த நாற்றம்.

அதைக் குப்பைத் தொட்டியில் போடப் போனபோது எதிர் வீட்டுப் பாட்டி வாசலில் நின்றிருந்தார். கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"மைதாவா போட்ட? மைதாவும் ஈரமும் சேர்ந்தா பூஞ்சைக்கு விருந்துதான். வெந்தயம் போடலையா? அதுவும் போயும் போயும் ஐப்பசியில யாராவது கூழ் போடுவாளா? வடாம் போடற வெயில்ல போடணும்டி அதை."

உள்ளே கூப்பிட்டு, பரணிலிருந்து ஒரு கூடையை இறக்கச் சொன்னார். கும்பகோணத்தில் அவருடைய மாமியார் செய்ததாம். நான் கனமாக இருக்கும் என்று நினைத்துக் கையை நீட்டினேன், முறம் அளவு எடைகூட இல்லை. விரலால் தட்டினால் மரப்பெட்டி மாதிரி டொக் டொக் என்று சத்தம். விளிம்பு ஒரு விரல் தடிமன், அடிப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் மெல்லிசு. உள்ளே இன்னும் வெந்தய வாசனை மெல்ல வருகிறது. வெளியே காவி பூசி, அதன் மேல் கோலமாவு வெள்ளையில் சிக்குக் கோலம். அத்தனை வருஷத்தில் ஒரு பூச்சி அரித்த ஓட்டைகூட இல்லை.

சித்திரை வரைக்கும் காத்திருந்தேன். பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். தாளைக் கிழித்து மூன்று நாள் ஊறவைக்க வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். அரை வாளி ஊறின தாளுக்கு நூறு கிராம் வெந்தயம், முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டது. இரண்டையும் சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்தால் வெந்தயத்தின் கொழகொழப்பே பசை ஆகிவிடுகிறது. அந்தக் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்றார். ஒரு குண்டானைக் கவிழ்த்து, ஈரத் துணி சுற்றி, அதன் மேல் உள்ளங்கையை நனைத்து நனைத்துக் கூழை அப்ப வேண்டும்.

எனக்குத் தெரியாத முக்கியமான இடம் அடுத்து வந்தது. கூழ் காயும்போது சுருங்கும், ஆனால் உள்ளே இருக்கும் குண்டான் சுருங்காது. முழுசாகக் காயும் வரை விட்டால் கூடை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விளிம்பில் வெடித்துவிடும். அதனால் இரண்டாம் நாள், மேல் தோல் காய்ந்து உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே சுற்றிலும் தட்டித் துணியோடு கழற்றிவிட வேண்டும். பிறகு உள்பக்கத்துக்குத் தனியாக இரண்டு நாள் வெயில். நான் கழற்றினபோது பாட்டி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, தானே கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். "சரி, இது நிக்கும்" என்றார். போன கார்த்திகை மழை முழுக்க அது ஹாலில்தான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

பெரம்பூர்

எனக்குக் கொட்டாங்குச்சி. குரு, ஒரு ஹார்டுவேர் கடைப் பெரியவர்.

எங்கள் தெரு மெஸ்ஸில் தினமும் ஒரு சாக்கு கொட்டாங்குச்சி வெளியே வரும். கார்த்திகைக்கு அதில் தொங்கு விளக்கு செய்யலாம் என்று பத்து எடுத்து வந்தேன். ஆக்சா பிளேடால் அறுத்து, நாரைச் சுரண்டி, வார்னிஷ் அடித்தேன். மூன்று நாள் ஆகியும் வார்னிஷ் பிசுபிசு என்றே இருந்தது. கடையில் போய் வார்னிஷ் சரியில்லை என்று சண்டை போட்டேன். பெரியவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "தம்பி, தேங்காயைத் துருவி எடுத்தாலும் உள்ள எண்ணெய் நிக்கும். அதைப் போக்காம மேல பூசினா எப்படி ஒட்டும்?" என்றார். சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிடச் சொன்னார்.

அதோடு நாலு உப்புத்தாள் எடுத்து வரிசையாக வைத்தார். 80, 120, 220, 400. "ஒண்ணை விட்டுட்டுத் தாவாத. 80 போட்ட கீறலை 120 எடுக்கும், 120 போட்டதை 220 எடுக்கும்" என்றார். அப்படியே செய்தேன். 400 முடிந்ததும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்தால், வார்னிஷே தேவைப்படவில்லை. கருப்பும் பழுப்புமாக ரேகை ஓடுகிறது. அது கொட்டாங்குச்சிதான் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை.

ஒரு விஷயம் மட்டும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வருகிற தூள் மாவு மாதிரி நைசாக இருக்கும். மூக்கில் துணி கட்டாமல் உட்காராதீர்கள். முதல் நாள் எனக்கு ராத்திரி முழுக்க இருமல்.

அடையாறு

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெரு முனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டே அதன் நிழலில்தான். அன்று சாயந்திரம் அது வேரோடு சாய்ந்து கிடந்தது. அடுத்த நாள் வெட்டி ஏற்ற வந்தவர்களிடம் ஒரு துண்டு கேட்டேன். கிளையிலிருந்து தட்டு மாதிரி இரண்டு வட்டம் அறுத்துக் கொடுத்தார்கள். கொடுத்தவர், "அவசரப்பட்டு வெயில்ல வெக்காதீங்கம்மா, வெடிச்சுடும்" என்றார்.

நான் கேட்கவில்லை. ஒன்றை மாடி வெயிலில் வைத்தேன். பத்து நாளில் நடுவிலிருந்து விளிம்பு வரை ஆழமாக ஒரு விரிசல். பச்சை மரம் காயும்போது ஆரத்தை விடச் சுற்றளவில்தான் அதிகம் சுருங்குமாம். அந்த இழுவை தாங்காமல் எங்கேயாவது ஓர் இடத்தில் பிளந்துதான் தீரும். இரண்டாவதை அறுத்த இரண்டு பக்கமும் மெழுகு உருக்கிப் பூசி, செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஒரு வருஷம் தொடவில்லை. வெளியே எடுத்தபோது மயிரிழை அளவு கீறல்கள் மட்டும்தான் இருந்தன. நடுவில் கரும்பழுப்பு, சுற்றிலும் வெளிர் மஞ்சள். மெழுகைச் சுரண்டி, தேய்த்து, வாசல் பக்கச் சுவரில் மாட்டினேன்.

ஸ்டாண்டு ஆட்டோ அண்ணா ஒருவர் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விட்டபோது அதைப் பார்த்தார். "இது நம்ம மரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இருபது வருஷம் இது கீழ தூங்கியிருக்கேன்மா" என்றார். அந்த வெடித்த துண்டை அவருக்குக் கொடுத்துவிட்டேன். விரிசலோடவே வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனார்.

வேளச்சேரி

ஏரியில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையில் கூடை பின்னலாம் என்று படித்து ஒரு சாக்கு தண்டு கொண்டு வந்தேன். காய்ந்ததும் ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது, மற்றதெல்லாம் தண்ணீராகவே இருந்திருக்கிறது. ஒரு தட்டு வைக்கும் மணை பின்னத்தான் வந்தது. ஆனால் காய்ந்த தண்டு தோல் மாதிரி மெத்தென்று இருக்கிறது, பின்ன சுகமாக இருக்கிறது. சாக்கடை கலக்கும் இடத்தில் எடுக்காதீர்கள், கையுறை இல்லாமல் இறங்கவும் வேண்டாம்.

வில்லிவாக்கம்

பனையோலை பற்றி யாரும் எழுதவில்லையே. பனை நம் மாநில மரம். கோடையில் நுங்கு வண்டி நிற்காத மெயின் ரோடு சென்னையில் குறைவு. சாயந்திரம் வண்டி கிளம்பும்போது கோந்தையும் (நுங்கு எடுத்த வெறும் காய்) ஓலையும் அங்கேயே குவிந்து கிடக்கும்.

போன மே மாசம் நுங்கு வாங்கிவிட்டு, அந்த ஓலையை எடுத்துக்கலாமா என்று கேட்டேன். எதுக்கு என்றார் வண்டிக்காரர். கொலுப் படிக்குத் தோரணம் செய்யப் போகிறேன் என்றேன். ஒரு ஓலையை எடுத்து என் கண் முன்னாடியே மடித்தார். மடிப்பில் சடக் என்று கிழிந்தது. "பாத்தீங்களா அக்கா, இது சாரோலை, முத்தினது. கூரை வேயலாம், பட்டை பிடிக்கலாம், இந்த மாதிரி சின்ன வேலைக்கு ஆகாது. உங்களுக்குக் குருத்தோலை வேணும்" என்றார். நாளைக்கு வாங்க என்றார். மறுநாள் நிஜமாகவே ஈரத் துணியில் சுற்றி ஒரு குருத்து கொண்டுவந்திருந்தார், தந்தம் மாதிரி வெளுப்பு.

ஈர்க்கை எப்படி ஒரே இழுப்பில் உருவுவது என்று காட்டினார். ஓலையின் அடியில் நகத்தால் ஒரு கீறல் போட்டு, ஈர்க்கைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓலையைக் கையால் வெளியே இழுத்தார். ஒரு நார்கூடப் பிசிறவில்லை. அப்புறம் நாலு மடிப்பில் ஒரு கிளி. அவருக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம், அவருடைய அம்மா பெட்டி முடைகிறவராம். வாடிக்கையாளர் வரவர நுங்கு சீவிக்கொண்டே நடுவில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். குருத்துக்குக் காசு எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. கொலுவுக்கு இருபத்தோரு கிளி கட்டினேன். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கின பொம்மைகளை விட்டுவிட்டு, வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். இப்போது வெளுப்பு மாறிப் பழுப்பாகிவிட்டது, ஆனால் ஒன்றுகூட அவிழவில்லை.

நம் ஊரில் பிளாஸ்டிக் தட்டு, கப்புக்கெல்லாம் 2019 ஜனவரி முதல் தடை. அதற்குப் பின்னும் விசேஷ வீட்டில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குருத்தோலையில் வேலை தெரிந்தவர் வண்டியோடு நம் தெருவிலேயே நிற்கிறார்.

திருவல்லிக்கேணி

மாம்பலத்துக்காரருக்கு ஒரு கூடுதல் தகவல். எங்கள் தெருவில் பைண்டிங் கடை வைத்திருந்தவர் மைதாப் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார். அப்புறம் பூச்சி வராது. நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒட்டிப் பெட்டி செய்வதற்கு அதே பசைதான். ஆனால் அது விஷம். தின்பண்டம் வைக்கும் கூடைக்கும், குழந்தை கை படும் பொம்மைக்கும் கூடவே கூடாது. அவரே தனிப் பாத்திரத்தில்தான் காய்ச்சுவார், தன் பேரனைக் கடைப்பக்கம் விடமாட்டார்.

மேற்கு மாம்பலம்

எல்லாரும் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அடையாறு அம்மா, உங்கள் ஆட்டோ அண்ணாவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை.

மயில்துத்தம் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் கூடைகளில் முறுக்கு வைப்பதால் வெந்தயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மேலே தாளோ துணியோ ஒட்டப் பாட்டி புளியங்கொட்டைப் பசைதான் சொன்னார். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சுவது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகை மேல் துணி ஒட்டுவதற்கும் இதையே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தோல் கொஞ்சம் தங்கினாலும் பசை கருத்துவிடுகிறது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டி இந்தத் தை மாசம் மகன் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார். கிளம்பும்போது அந்தப் பரண் கூடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே வெயில் போதாது, கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார். அது காரணமே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சித்திரை இரண்டாம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் கூழ் போடுகிறேன். பாட்டி வீடியோ காலில் இருப்பார். இந்தப் பக்கம் இருப்பவர்கள் வரலாம். தாள் மூன்று நாள் முன்னாடியே உங்கள் வீட்டில் ஊறியிருக்க வேண்டும், வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம், அது அரைபடாது. கவிழ்க்க ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்துவிடுங்கள். வெந்தயம் நான் ஊறவைத்துவிடுகிறேன்.