சிற்பத்தோட வரலாறு படிச்சா பொழைக்க முடியுமா?

களிமண்கை:
கும்பகோணம் கவின்கலைக் கல்லூரில சிற்பம் கடைசி வருஷம். களிமண்ணு பிசையுறத விட, மத்தவங்க செஞ்சதப் பத்தி எழுதுறதுலதான் மனசு போகுது. 1950க்கு அப்புறம் வந்த சிற்பங்கள்ல ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. வீட்ல சொன்னா "சிலை ஆராய்ச்சின்னா தொல்லியல் துறைதானே, பென்ஷன் உண்டா"ங்குறாங்க. எங்க படிக்கலாம், சம்பளம்னு ஒண்ணு வருமா?

பரோடா ரிட்டன்:
பரோடா எம்.எஸ். பல்கலை, டெல்லி ஜேஎன்யூ, சாந்திநிகேதன் மூணையும் பாருங்க தம்பி. சாந்திநிகேதன்னா சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938ல சிமெண்ட்டும் லேட்டரைட் கல்லும் வச்சு செஞ்ச 'சாந்தால் குடும்பம்' சிற்பம் தினமும் கண்ணு முன்னாடியே நிக்கும். யுஜிசி நடத்துற நெட் பரீட்சையில விஷுவல் ஆர்ட் பேப்பர்லயே கலை வரலாறும் வருது, அதுல ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி பண்றவங்களுக்கு மாசாமாசம் வர்ற உதவித்தொகை) அடிச்சுட்டா பிஎச்டி முடிக்கிற வரைக்கும் சோத்துக்குக் கவலை இல்ல, அதுக்கப்புறம் வேலை கொஞ்சம் தேடித்தான் புடிக்கணும்.

வேலை என்னன்னா, பாதி நாள் துப்பறியுறதுதான். வெண்கலச் சிலைக்கு ஒரே வருஷம்னு எழுதிட முடியாது, மண்ணுல செஞ்சது ஒரு வருஷம், வார்த்தது வேற வருஷம். பிரெஞ்சு சிற்பி ரோதான் 1917ல போயிட்டாரு, அவரோட 'நரகத்தின் வாசல்' வெண்கலமானதே அதுக்குப் பிறகுதான். அதனால வார்ப்புப் பட்டறை முத்திரை, எத்தனாவது வார்ப்புங்கிற நம்பர் எல்லாம் குனிஞ்சு தேடணும்.

ஈசிஆர் அக்கா:
பரோடா சரி, மொதல்ல இஞ்சம்பாக்கம் வாப்பா. ஓவியர் பணிக்கர் 1966ல ஆரம்பிச்ச சோழமண்டலம் கலைஞர் கிராமம் பக்கத்துல இருக்கும்போது டெல்லிக்கு என்ன அவசரம்? சிற்பி ஜானகிராமோட செம்புத் தகட்டு சிற்பம் எங்கயாவது பாத்தா, முன்னாடி கோயில் கவசம் மாதிரி இருக்குன்னு அசந்து நிக்காத, பின்னாடி போய் எங்க தட்டியிருக்காரு எங்க பத்த வச்சு ஒட்டியிருக்காருன்னு பாரு. டார்ச் எடுத்துக்க. மெட்ராஸ் கலைஞர்களப் பத்தின பழைய அழைப்பிதழ், லெட்டர்லாம் இன்னும் வீட்டுப் பரண்ல கெடக்கு, பாட்டிங்ககிட்ட தமிழ்ல பேசி காபி குடிச்சாத்தான் அந்தப் பொட்டி எறங்கும்.

காசு விஷயத்துல மட்டும் உஷார். நான் ஒரு கேலரிக்கு கேட்டலாக் எழுதிக் குடுத்துட்டு எட்டு மாசம் நடையா நடந்தேன். பாதி முன்பணம் வாங்காம பேனாவ தொடாத.

களிமண்கை:
நன்றி அக்கா, அண்ணா. மெரினா உழைப்பாளர் சிலைய எத்தனையோ தடவ பாத்திருக்கேன், பஸ்ல போறப்போ முன்பக்கம் மட்டும்தான். அடுத்த வாரம் சென்னை வர்றேன், சுத்தி வந்து பாக்கணும். அம்மாகிட்ட ஜேஆர்எஃப் பணத்த மட்டும் சொல்லிருக்கேன், எட்டு மாசக் கதைய சொல்லல.