மாட்டு உண்ணிக்குக் கோழி விட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாராபுரத்துக்காரன்:
எங்கள் ஜெர்சிக் கலப்புப் பசு போன ஐப்பசியில் காப்பி நிறத்தில் மூத்திரம் விட்டு, தீவனம் தொடாமல் கிடந்து, மூன்றாம் நாள் விடியும் முன் போய்விட்டது. உண்ணி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சல். அப்புறம்தான் அம்மா ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் வாங்கிக் கட்டுத்தறியில் விட்டார். ஒரு காலை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. மிச்சமிருந்த காங்கேயம் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. செம்பட்டைப் பெட்டை ஒன்று அதன் முன்னங்கால் மேல் ஏறி நின்று, கழுத்தடியில் தொங்கும் அலைதாடியில் கொட்டமுத்து (ஆமணக்கு விதை) அளவுக்கு ஊதித் தொங்கிய உண்ணியைக் கொத்தி இழுத்தது. தோல் கூம்பி எழும்பியது, பசு காதைக்கூட ஆட்டவில்லை. கழுத்தை நீட்டி வாகாகக் கொடுத்தது. செத்துப்போன பசு இருந்தபோதே இதைச் செய்திருக்கலாமே என்று இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டில் எப்படி?

செம்மண்காடு:
அண்ணா, கொத்தும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் காளைக்கு நுகத்தடி உரசிய புண் ஒன்று ஆறிக்கொண்டிருந்தது, காசு அளவுதான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டு கோழி திமில் மேல் நின்றுகொண்டு அந்தப் பொருக்கைப் பிய்த்துப் பிய்த்துச் சதையைத் தின்கின்றன, புண் உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. கட்டியிருந்த மாடு, பாவம், எங்கே போகும்? புண் உள்ள மாட்டுக்குப் பக்கத்தில் கோழியை விடாதீர்கள். அப்புறம், கோழி பெரிய உண்ணியைத்தான் பார்க்கும். புல் நுனியில் காத்திருக்கிற பொடி உண்ணியை அது என்ன செய்யும்?

பால்காரர் மகள்:
செம்மண்காடு அண்ணா சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெரிய உண்ணிதான் தாய். ரத்தம் குடித்து முடித்ததும் பெரும்பாலும் காலை வேளையில் கீழே உதிர்ந்து, சுவர் வெடிப்பிலும் சாணத்தடியிலும் போய் இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை வைக்கும். அது வெடிப்புக்குள் நுழையும் முன் கோழி தின்றுவிட்டால் அத்தனை பொடியும் போச்சு. அதனால்தான் நாங்கள் கோழி அடைக்கிற பஞ்சாரத்தை விடிந்ததும் திறந்துவிடுகிறோம், எட்டு மணிக்குத் திறந்து பயனில்லை.

அப்புறம் கோழியை மட்டும் நம்பாதீர்கள், காது மடலுக்குள்ளும் மடிக்கும் தொடைக்கும் இடையிலும் அதன் அலகு எட்டாது. பத்துப் பல் பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வெயில் ஏறிய நேரத்தில் வாரம் ஒருமுறை மாட்டின் மேல் தெளியுங்கள். தரையிலும் சுவரிலும் தெளிக்க மறக்காதீர்கள். சுவர் வெடிப்பைச் சுண்ணாம்பு வைத்து அடையுங்கள். புது மாடு வாங்கினால் தனியாகக் கட்டி உண்ணி பார்த்த பிறகு சேருங்கள். எங்கள் அப்பா இதில் எதையும் விட மாட்டார்.

மேற்குத்தோட்டம்:
மூலிகை சரி. நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பேச்சைக் கேட்டு, பருத்திக்கு அடிக்க வைத்திருந்த மோனோகுரோட்டோபாஸைத் தண்ணீரில் கலந்து மாட்டுக்குத் துடைத்துவிட்டேன். மாடு வாயில் நுரையோடு தப்பித்தது. உதிர்ந்த உண்ணியைப் பொறுக்கிய ஒன்பது கோழியும் சாயங்காலத்துக்குள் தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்தன. ஒரு பெட்டை கால்களை நீட்டிக்கொண்டு, கழுத்து முறுக்கி, அலகைத் திறந்து திறந்து மூடியது. அதன் குஞ்சுகள் இறகுக்கடியில் நுழையப் பார்த்துக்கொண்டே இருந்தன. பயிர் மருந்தை மாட்டின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தயவுசெய்து. மாட்டுக்கென்றே உள்ள உண்ணி மருந்து என்றாலும் டாக்டரைக் கேட்டுவிட்டு, தெளித்த பிறகு கோழியைச் சில நாள் தள்ளிக் கட்டுங்கள்.

பனங்காட்டுப்பக்கம்:
ஒருவரும் கோழிக்கே வருகிற உண்ணியைச் சொல்லவில்லையே! எங்கள் கோழிகளின் கொண்டை வெளுத்து, முட்டை நின்று, இரண்டு கோழிகள் கால் இழுத்துக்கொண்டன. கழிச்சல் நோய் என்று நினைத்துச் சொட்டு மருந்து தேடி அலைந்தோம். ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். கூண்டின் மூங்கில் பிளவிலிருந்து தட்டையான சாம்பல் நிற உண்ணிகள் வரிசையாக இறங்கி, தூங்குகிற கோழியின் கால் மேல் ஏறிக்கொண்டிருந்தன. பகலில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. ரத்தமே இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பிளவில் உயிரோடு கிடக்கும், அதனால் கூண்டைக் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் கூண்டையே கொளுத்திவிட்டோம்.

தாராபுரத்துக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பனங்காட்டுப்பக்கம் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி நானும் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். பஞ்சாரத்தில் ஒன்றுமில்லை. சேவல் அடைகிற பூவரச மரத்தின் பொருக்குக்கடியில் நாலு இருந்தன. காலையில் பொருக்கை உரித்து எரித்தாயிற்று. செம்பட்டை இப்போது அடைகாக்கிறது, இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுவரை அலைதாடியை நானே தடவிப் பார்த்துப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போடுகிறேன். என் கைக்குப் பசு கழுத்தை நீட்டுவதில்லை, உதறுகிறது.