தமிழ்நாட்டு வயல் மண் சிங்கப்பூர் ஆய்வகத்துக்கு வரவேண்டும்: என்னென்ன அனுமதி, எப்படி அனுப்புவது?

ஈசூன்_கதிர்:
வணக்கம். எங்கள் ஆய்வகமும் டெல்டா மாவட்டத்துச் சுயநிதிக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து, நெல்வயல் மண்ணில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளை ஆராயப் போகிறோம். டிஎன்ஏவுக்கு 120 மாதிரிகள். அவற்றில் 24 ஆர்என்ஏவுக்கும். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. மண்ணை டிரை ஐஸில் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்துக் கூரியரில் போடச் சொல்லலாமா? கல்லூரியில் மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரும் பிசிஆர் மெஷினும் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுப்பது) உண்டு. மைனஸ் 80 கிடையாது.

தெம்பனிஸ்_நுண்ணுயிர்:
கதிர், இப்போதைக்குக் கூரியரைத் தொடாதீர்கள். அந்த ஒப்பந்தம் இரண்டு நிறுவனங்களுக்குள் எழுதிக்கொண்டது, அரசு அனுமதி அல்ல. இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தில் மண் நுண்ணுயிரியும் உயிரியல் வளம்தான். வெளிநாட்டு நிறுவனம் அதைப் பெற 3ஆம் பிரிவின்படி தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். (ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. கல்லூரிக்காரர்கள் நேரில் போய்க் கேட்டுவரலாம்.) கூட்டாய்வுக்கு 5ஆம் பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் திட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் இருந்தால்தான். “மண் வேண்டாம், டேட்டா மட்டும் அனுப்புங்கள்” என்றும் தப்ப முடியாது. ஆய்வு முடிவுகளை வெளிநாட்டவருக்குக் கைமாற்றுவதை 4ஆம் பிரிவு பிடித்துக்கொள்ளும்.

இங்கே சிங்கப்பூரில் மண்ணை மண்ணாகவே இறக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்தத் தலைவலி எதற்கு? டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டுக்குள் போவதே மாதிரிக்குக் கால் கிராம் மண். கிலோக் கணக்கில் விமானம் ஏற்றிவிட்டு அதில் கால் கிராம் எடுப்பதில் அர்த்தமில்லை. பிரித்தெடுக்கும் வேலையை அங்கேயே முடியுங்கள். மாதிரிக்கு 100 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ கரைசல் வந்தால் பாதி கல்லூரி ஃப்ரீசரில் இருக்கட்டும், பாதி உங்களுக்கு. ஒரு பெட்டி தொலைந்தாலும் வேலை நிற்காது. கல்லூரி ஃப்ரீசர் தானாகவே பனி நீக்கும் வகையா என்று கேளுங்கள். அந்த வகை அடிக்கடி சூடேறி இறங்கும், டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும்.

டிஇ பஃபரில் (டிஎன்ஏவைச் சிதையாமல் வைக்கும் கரைசல்) இருக்கும் டிஎன்ஏ, ஜெல் ஐஸ் பையோடு சில நாள் பயணத்தைத் தாங்கும். டிரை ஐஸே வேண்டாம்.

ஜூரோங்_குளிர்பெட்டி:
டிஎன்ஏவுக்குச் சரி, ஆர்என்ஏ அப்படியல்ல. வயலில் எடுத்த சில நிமிடங்களிலேயே நுண்ணுயிரியின் தூது ஆர்என்ஏ சிதையத் தொடங்கும். மண்ணை அங்கேயே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். டெல்டாவில் அதற்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகங்களில் அந்தக் குடுவை இருக்கும். எங்கே நிரப்புகிறார்கள் என்று விசாரித்தால் போதும்.

மைனஸ் 80 இல்லாத இடத்தில் ஆர்என்ஏவைச் சேர்த்துவைக்காதீர்கள். பிரித்து, 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் 23எஸ், 16எஸ் (நுண்ணுயிரியின் ரைபோசோம் ஆர்என்ஏக்கள்) பட்டைகள் இரண்டும் கூர்மையாகத் தெரிகின்றனவா என்று பார்த்து, அன்றைக்கே பிசிஆர் மெஷினில் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) ஆக்கிவிடுங்கள். அதை டிஎன்ஏவோடு ஒரே பெட்டியில் அனுப்பலாம்.

ஆர்என்ஏவாகவே வேண்டும் என்று உங்கள் பேராசிரியர் பிடிவாதம் பிடித்தால்தான் டிரை ஐஸ். நல்ல தெர்மோகோல் பெட்டியிலேயே ஒரு நாளைக்கு 2 முதல் 4 கிலோ ஆவியாகிவிடும். விமானம் நாலு மணி நேரம்தான், சுங்கத்தில் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். பொங்கல், தீபாவளி வாரத்தில் வேண்டவே வேண்டாம். பெட்டியைக் காற்றுப் புகாமல் டேப் சுற்றி அடைத்தால் வாயு அழுத்தத்தில் வெடிக்கும். வெளியே ஆபத்தான சரக்குக்கான 9ஆம் வகுப்பு லேபிள், டிரை ஐஸுக்கான யுஎன் 1845 என்ற எண், டிரை ஐஸின் நிகர எடை கிலோவில். இதில் ஒன்று விடுபட்டாலும் விமான நிறுவனம் திருப்பிவிடும். டியூப்கள் திருகு மூடியாக இருக்கட்டும், அமுக்கு மூடி குளிரில் திறந்துகொள்ளும். மாதிரியின் எண்ணை மூடியில் மார்க்கரால் எழுதினால் எத்தனால் பட்டதும் போய்விடும், பிறகு 24 டியூபும் அநாதை.

இன்வாய்சில் மதிப்பு பூஜ்யம் என்று போடாதீர்கள். பெயரளவுக்கு ஒரு தொகை போட்டு, ‘விற்பனைக்கு அல்ல, ஆய்வுக்கு’ என்று எழுதுங்கள்.

உட்லண்ட்ஸ்_கணக்கு:
பணத்தை யாரும் பேசவில்லையே! பிரித்தெடுப்பு அங்கே என்றால் கிட் செலவும் அங்கேதான். கல்லூரியை நடத்துவது அறக்கட்டளை என்றால், நீங்கள் மானியமாக அனுப்பும் தொகைக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் இறங்க முடியும். கிட்டாகவே வாங்கி அனுப்பிவிடலாம் என்றால், அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் பொருளும் அடங்கும். கல்லூரியின் ஆடிட்டரைக் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. மாதிரி எடுப்பவர், டிஎன்ஏ பிரிப்பவர் பெயர் கட்டுரையில் எங்கே வரும், காப்புரிமை வந்தால் யாருக்கு என்ன என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். 2007இல் இந்தோனேசியா தன் எச்5என்1 பறவைக்காய்ச்சல் மாதிரிகளை உலகச் சுகாதார நிறுவனத்துக்குத் தர மறுத்தது இதே மனக்குறையால்தான்: வைரஸ் எங்களுடையது, அதிலிருந்து வரும் தடுப்பூசி எங்களுக்கு எட்டாத விலையில். 2011இல்தான் மாதிரிப் பகிர்வுக்கும் பலன் பகிர்வுக்கும் சேர்த்து ஒரு ஏற்பாடு வந்தது. உங்களுடையது நெல்வயல் மண்தான், ஆனாலும் கேள்வி அதேதான்.

ஈசூன்_கதிர்:
மிக்க நன்றி. ஆணையத்துக்கு விண்ணப்பிப்பதைப் பற்றிக் கல்லூரியில் பேசுகிறேன். அங்கே சோதனைக்காகப் பிரித்த டிஎன்ஏ லேசான பழுப்பு நிறத்தில் வந்திருக்கிறது, பிசிஆரும் ஓடவில்லை. மண் சரியில்லையா?

தெம்பனிஸ்_நுண்ணுயிர்:
மண் சரிதான், அது ஹியூமிக் அமிலம் (மட்கிய பொருளிலிருந்து வருவது, பிசிஆரைத் தடுக்கும்). டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 2க்கு வெகு கீழே இருக்கும், பாருங்கள். முதலில் பத்து மடங்கு நீர்த்து ஓட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதிலேயே பட்டை வந்துவிடும். வராவிட்டால் மண்ணைக் கால் கிராமுக்கும் குறைவாக எடுத்து, கழுவும் படியை இன்னொரு முறை செய்யட்டும்.